நான் அடைத்த துளை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கையால் தொட்டதைத்தான் சொல்கிறேன்.

கரண்ட், கேஸ் செலவைக் குறைத்துத் தருகிற கம்பெனிகளில் மூன்று ரகம். அளந்து பார்த்து அறிக்கை மட்டும் கொடுப்பது ஒன்று. கருவி விற்பது இன்னொன்று. எங்களுடையது மூன்றாவது ரகம்: குறைத்துக் காட்டினால்தான் கூலி. ஒரு தையல்கார அக்காவின் வீட்டில் சூடு வெளியேறுகிற சந்து பொந்தெல்லாம் அடைத்தும், குறைப்பதாகச் சொன்ன அளவு எட்டவில்லை. மிச்சம் ஒரே ஒரு துளை. குளியலறையில், கேஸ் ஹீட்டருக்கு மேலே, கை நுழையும் அளவு. அடைக்கவே கூடாது, ஹீட்டரின் விஷப்புகை போகிற வழி அது. தெரிந்தே, இறுகிக் கட்டியாகிற நுரையைப் பீய்ச்சி அடைத்தேன். உள்பக்கம் வெள்ளையும் அடித்துவிட்டேன்.

"இப்ப குளிரே தெரியல தம்பி. நல்லா இருப்பே" என்றார் அக்கா.

அந்த வார்த்தை முள்ளாய்க் குத்தியது. மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. நான்காம் நாள் கத்தியோடு போனேன்.

மாலை 4.10. வாசல் கதவில் பூட்டு தொங்கியது. துளை இருந்த பின்பக்கச் சுவரில் ஏணி சாத்தி ஏறினேன்.

டடடட... உள்ளே தையல் மெஷின் ஓடியது. வெளியே பூட்டிய வீட்டில்...

நுரையைச் சுற்றி அறுத்தேன். இழுத்தேன். அசையவில்லை.

மெஷின் நின்றது.

கர்ர்... கர்ர்... உள்ளிருந்து யாரோ சுரண்டினார்கள்.

"அக்கா?"

"இழு தம்பி..."

உள்ளிருந்து தள்ளினார். கட்டி என் கைக்கு வந்தது.

துளை வழியே ஒரு மூச்சு. ஜில்லென்று.

"ஹீட்டர் போடாதீங்கக்கா..."

"இனிமே எதுக்குப் போடப் போறேன்..."

4.25. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. துளையின் ஓரத்தைப் பழக்கதோஷத்தில் சுத்தமாகச் சுரண்டித் துடைத்துவிட்டு, கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாவம் கழிந்தது என்று நினைத்தேன், மடையன்.

மறுநாள் மத்தியானம் முதலாளி கூப்பிட்டார்.

"அந்தத் தையல்காரம்மா நேத்து காலைல குளிக்கப் போன இடத்துலயே போயிட்டாங்களாம்பா. மத்தியானமே உடம்ப எடுத்துட்டு வீட்டப் பூட்டிட்டாங்க. இன்னிக்கு சோதனைக்கு ஆள் வந்துச்சு. துளை திறந்துதான் இருக்காம், நம்ம மேல தப்பில்லையாம். தப்பிச்சோம்டா!"

என்னைக் காப்பாற்றியது அக்கா தள்ளிக் கொடுத்ததுதான். அடைத்தவன் நான் என்று இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கட்டி என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளை அடித்த பக்கத்தில் ஐந்து நகத் தடம். ஒரு நகம் ஒடிந்து உள்ளேயே நிற்கிறது.