கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

வில்லாபுரத்து ராக்கினியம்மாள் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டதற்குப் பக்திதான் காரணம் என்று மாதா கோவிலில் பேசிக்கொள்வார்கள். பக்தியெல்லாம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது கோபம்.

அவளுடைய அக்கா லூர்தம்மாள் தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். வெளியூரில், ஒரு கன்னியர் மடத்து மருந்துச்சாலை வாசலில். உள்ளே மருந்து இருந்தது, மருந்து தெரிந்த கன்னியர்களும் இருந்தார்கள். ஆனால் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது அந்நாளில் திருச்சபைச் சட்டம். காய்ச்சலுக்கு நாடி பிடிக்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம், பிள்ளை பெறுகிறவளைத் தொடக் கூடாது. அவர்கள் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரிகள் இல்லை. ஜெபமாலை முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

ராக்கினி மருத்துவச்சி வேலைக்குப் படித்தாள். கூடப் படித்த இன்னாசியம்மாளையும் சேர்த்துக்கொண்டு வில்லாபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியேறினாள். காலையில் பூசை, பிறகு கூப்பிட்ட வீட்டுக்கு ஓட்டம். இருவரும் வெள்ளைச் சேலைதான் கட்டுவார்கள். பார்க்கிறவர்கள் கன்னியாஸ்திரீகள் என்றே நினைத்தார்கள். ராக்கினிக்கும் அதுதான் ஆசை. வார்த்தைப்பாடும் கொடுக்க வேண்டும், பிள்ளையும் எடுக்க வேண்டும், இரண்டையும் செய்கிற ஒரு கன்னியர் சபை வேண்டும், மேற்றிராணியார், அதாவது பிஷப், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். வாழ்க்கையில் அவள் வேறெதையும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை கேட்டபோது, சட்டம் இடம் கொடுக்காது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த வருஷம்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், பரவையைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து மொக்கையன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். அவன் பெண்டாட்டி முத்துத்தாய்க்கு வலி எடுத்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டார்கள், ஊர் மருத்துவச்சியோ கையை விரித்துவிட்டாள். ராக்கினி போய்ப் பிள்ளையை எடுத்தாள். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. முதுகைத் தேய்த்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள், தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். அசையவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் சாகிற குழந்தை மோட்சத்தைப் பார்க்காது என்று ராக்கினிக்குச் சின்ன வயசிலிருந்து ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றலாம், எந்த மதத்துப் பிள்ளைக்கும் ஊற்றலாம் என்பதும் பாடம். கத்தோலிக்க மருத்துவச்சிகள் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். ராக்கினி மூலையிலிருந்த சொம்பை எடுத்தாள். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையின் தலையில் மூன்று தரம் ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதாலோ, ஊதிய காற்று அப்போதுதான் வேலை செய்ததாலோ, பிள்ளை வீரிட்டது.

முத்துத்தாய் அரைக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரையும் முணுமுணுப்பையும் சேர்த்து, உயிரை மீட்கிற மந்திரம் என்று எண்ணிக்கொண்டாள். பிள்ளைக்குக் குலசாமி பேராகச் சோணை என்று வைத்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேதி போயிற்று. அப்புறம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் ராக்கினியின் வண்டி வந்து நிற்கும் முன்பே, வேப்பிலை போட்ட ஒரு சொம்புத் தண்ணீர் மூலையில் தயாராக இருக்கும்.

முதல் தடவை அந்தச் சொம்பைப் பார்த்தபோதே ராக்கினி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டாள். அவளைக் கதவுக்குள்ளே விட்டதே அந்தத் தண்ணீர்தானே. அவள் போனதால் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள், அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். ஒருத்தி மயங்கிக் கிடந்த வேளையில் அவள் பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் தன் வேதத்தில் சேர்த்துவிட்டோமே என்பது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாள். கூண்டுக்குள்ளிருந்த பங்குச்சாமியார், "இது பாவமில்லையம்மா, புண்ணியம். வேறே ஏதாவது இருந்தால் சொல்லு" என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள். பாவமில்லை என்றே சொல்லிவிட்டால் மன்னிப்பை யாரிடம் வாங்குவது?

முப்பத்தாறில் ரோமாபுரியிலிருந்து சேதி வந்தது. கன்னியரும் மருத்துவம் படிக்கலாம், பிரசவம் பார்க்கலாம். கேட்ட அன்று ராக்கினியும் இன்னாசியம்மாளும் கோவிலில் போய் அக்காவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். உடனே மறுபடியும் விண்ணப்பம் போட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இடமுண்டா, ஆள் உண்டா, சனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேள்வி மேல் கேள்வியாக வந்து, கடைசியில் முப்பத்தொன்பதில் விசாரித்து எழுதும்படி ராயப்ப சாமியார் என்பவரை அனுப்பினார்கள். நல்ல மனுஷர். வெயிலென்று பாராமல் ஊர் ஊராக நடந்தார். எந்த ஊரில் போய் யாரைக் கேட்டாலும், பரவைப் பக்கத்து முத்துத்தாயைக் கேளுங்கள் என்றார்கள்.

முத்துத்தாய் சாமியாரைக் கும்பிட்டு, கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்தாள். ராக்கினியும் கூட நின்றாள்.

"யக்கா இல்லாட்டி இவன் இல்ல சாமி," என்று சோணையை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "செத்த பிள்ள. தலையில மூணுவாட்டி தண்ணி ஊத்தி ஒரு மந்திரஞ் சொல்லுச்சு, அம்புட்டுத்தான், கத்திப்புட்டான்."

சாமியார் ராக்கினியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் வண்டிக்குள் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இதை ஏனம்மா விண்ணப்பத்தில் எழுதவில்லை? சபையின் முதல் கனி அல்லவா? இது ஒன்று போதும், கையெழுத்து வந்துவிடும்."

"அவுகளுக்குத் தெரியாது சாமி."

"தெரியப்படுத்த வேண்டியதுதான். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையாக வளர்க்க வேண்டாமா? நம் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் சேர்க்கட்டும். நானே பேசுகிறேன்."

"நீங்க பேச வேணாம் சாமி. நானே சொல்றேன்."

சொல்லாமல் விட்டால் பிள்ளையைப் போர்டிங்குக்குக் கேட்டு ஆள் வரும், சொன்னால் ஊரே கதவை அடைக்கும். எதுவானாலும் அதைத் தீர்மானிக்க வேண்டியது பெற்ற தாய்தான். ராக்கினி மறுநாளே தனியாகப் பரவைப் பக்கம் பஸ் ஏறினாள். முத்துத்தாய் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ராக்கினி வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அது மந்திரமில்லை, பிள்ளையைப் பிழைக்கவைக்க ஊற்றியதுமில்லை, செத்துப்போவான் என்று நினைத்து எங்கள் வேதத்தில் சேர்க்க ஊற்றியது என்று சொன்னாள்.

முத்துத்தாய் சோளத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "எட்டு வருசமா வீட்டுக்கு வந்து போற. என் கையால சோறு தின்னுருக்க," என்றாள்.

"ஆமா."

"அன்னைக்குக் கேட்டிருந்தா ஊத்துக்கான்னுதான் சொல்லியிருப்பேன். மயக்கமாவா இருந்தேன், கண்ணு முழிச்சுத்தான கெடந்தேன். கேக்கணும்னு உனக்குத் தோணலயே."

ராக்கினிக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமையில்லை என்று தோன்றி அடக்கிக்கொண்டாள். "மன்னிச்சிரு முத்துத்தாயி," என்றாள். முத்துத்தாய் சுளகை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரவில்லை. சோணையைப் போர்டிங்குக்குக் கேட்கப் போன ராயப்ப சாமியாரை மொக்கையன் மரியாதையாகவே வழியனுப்பிவிட்டான். ஆள் விட்டுப் பிள்ளையைப் பிடித்துவருகிறவரும் அவர் இல்லை. ஆனால் சனங்கள் மனம் கலங்கியிருப்பதால் பொறுத்திருக்கவும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று இன்னாசியம்மாள் புலம்பினாள். பத்து வருஷமாக அவளும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தாள். ராக்கினி தன் பங்குக்கு அந்தக் குற்றத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், மொக்கையனே வண்டியோடு வாசலில் நின்றான். "அவ கூப்பிட்டு வரச் சொன்னா," என்றான்.

முத்துத்தாய்க்கு எட்டு மாசம் முடியவில்லை, அதற்குள் வலி கண்டிருந்தது. ராக்கினி உள்ளே நுழைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுன்னாலும் என்னயக் கேட்டுட்டுச் செய்யி," என்றாள். மூலையில் சொம்பு இருந்தது. இந்தத் தடவை வேப்பிலை இல்லை, குடிக்கிற தண்ணீர்.

பிள்ளை பிறந்தது. பெண். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மூச்சு வந்து வந்து நின்றது. வெந்நீர்ச் சீசாவைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள், பஞ்சில் பொதிந்தாள், துளித்துளியாகச் சீனித் தண்ணீர் விட்டாள். உயிர் தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள்.

"முத்துத்தாயி, பிள்ள தங்காது. எங்க முறைப்படி தண்ணி ஊத்தி ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

"சொன்னா உசுரு நிக்குமா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். "நிக்காது," என்றாள் ராக்கினி.

"அப்ப வேணாங்க்கா. எங்க கொலசாமி பிள்ளையாவே போகட்டும்."

ராக்கினியின் கை சொம்பின் மேல் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மோட்சத்தின் கதவு அந்தச் சொம்புக்குள் இருப்பதாக அவள் மெய்யாகவே நம்பினாள். நம்பாதவளாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது, யாரும் சும்மா இருந்துவிடலாம். அவள் கையை எடுத்தாள். பிள்ளையின் மூச்சு நிற்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்திரண்டில் ராயப்ப சாமியார் தாமே வில்லாபுரத்துக்கு வந்தார். பரவைப் பக்கத்துச் சனங்கள் மறுபடி ராக்கினியைக் கூப்பிடுகிறார்கள் என்ற சேதி மேலிடத்துக்குப் போயிருந்தது. மேற்றிராணியார் சம்மதித்துவிட்டார், ராக்கினியே தலைமைத் தாய், இனிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராக்கினி மட்டும் முழங்காலில் விழுந்து, அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

சாமியார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "நனைந்த விரல் போதுமே மகளே. நெற்றியைத் துடைக்கிற மாதிரித் துடைத்து மனசுக்குள்ளே சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?"

"அவுகளுக்குத் தெரியாதுதான் சாமி. ஒருவாட்டி அப்படித்தான் செஞ்சேன்."

"இது பெரிய பாவமம்மா. உனக்குப் புரிகிறதா?"

"புரியுது. அதான் சொல்றேன்."

அவர் அவளுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தார். எத்தனையோ வருஷமாக அவள் கேட்டலைந்த மன்னிப்பு, வேறொரு காரியத்துக்குக் கிடைத்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டார், அவளுக்கு எப்படியாவது வழிவிட வேண்டும் என்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். "நாளைக்கே அப்படி இன்னொரு பிள்ளை வந்தால் என்ன செய்வாய்?"

"கேப்பேன் சாமி."

"தாய் வேண்டாம் என்றால்?"

"பக்கத்துல உக்காந்து அழுவேன்."

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இப்படிச் சொல்கிறவளை நம்பிச் சபையை எப்படி ஒப்படைப்பார்கள்?

ஆனாலும் அனுமதி வந்தது. இன்னாசியம்மாளைத் தலைமைத் தாயாகக் கொண்டு சபை நடக்கலாம், ராக்கினி வார்த்தைப்பாடில்லாமல் கூட இருந்து வேலை செய்யலாம் என்று வந்தது. வார்த்தைப்பாடு கொடுத்த அன்று இன்னாசியம்மாளுக்கு முக்காட்டைப் போட்டு ஊசி குத்திவிட்டது ராக்கினிதான்.

"என் மேல வருத்தமாக்கா?" என்று இன்னாசியம்மாள் கேட்டாள்.

"உன் மேல என்ன வருத்தம். சபை வந்துருச்சு, யாரு நடத்துனா என்ன." ராக்கினி ஊசியைச் சரிசெய்தாள். "அந்தப் பிள்ளையத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன். என்ன பேரு வைக்க நெனச்சிருந்தீகன்னு முத்துத்தாயிகிட்டக் கேக்காம வந்துட்டேன்."