நிக்கல் தொட்டியில் ஒரு கைச் சேறு

கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு சாக்கடை ஓரமாகக் குனிந்து மண் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த ஒருவர் நின்று, கம்மல் விழுந்துவிட்டதா என்று கேட்டார். என் கையில் வீட்டிலிருந்து கொண்டுபோன டீ ஸ்பூன். புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருந்தேன். அந்தக் கோலத்தில் பாக்டீரியா தேடுகிறேன் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். அவ்வளவுதான், எதிர்ப் பாத்திரக்கடைக்காரர் இறங்கி வந்தார், பூ வாங்க வந்த இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து பேருமாக இல்லாத கம்மலைப் பத்து நிமிடம் தேடினோம். கடைசியில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு காதிலும் கிடக்கே என்றாள். அசடு வழியச் சிரித்துவிட்டு ஓட்டம் பிடித்தேன்.

அந்த இடத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்றின் கழிவுநீர் பல காலமாக ஓடியிருக்கிறது. மண்ணில் நிக்கல் ஏறிக் கிடந்தது. சுற்றிலும் எதுவும் முளைக்காத அந்த இடத்தில் ஒரே ஒரு புல் கொத்து மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. அதன் வேரடியில் யாரோ உதவிக்கு இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கல்லூரி ஆய்வகத்தில் அந்த மண்ணைக் கரைத்து, நிக்கல் கலந்த தட்டில் வளர்த்துப் பார்த்தேன். மற்ற கிருமிகள் எல்லாம் செத்துப்போக, ஒரு வகை மட்டும் ஆரஞ்சு நிறத்தில், வெந்த ஜவ்வரிசி மாதிரி வழவழப்பாகத் திரண்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னேன், கல்யாணப் பந்தியில் சொன்னேன். பாயசம் விளம்பும்வரையாவது சாக்கடைப் பேச்சு வேண்டாம் என்று என் கணவர் காதோரம் கெஞ்சினார்.

சொல்லாமல் எப்படி இருப்பது? நிக்கல் அதிகமானால் நெற்பயிருக்கு இரும்புச்சத்து சரியாக ஏறாது, இலை வெளிறி மஞ்சளாகும். பயந்துபோன செடி எத்திலீன் என்ற வாயுவை அதிகமாக உண்டாக்கி, தன் வேரைத் தானே வளரவிடாமல் செய்துகொள்ளும். என் பாக்டீரியா அதன் வேரில் ஒட்டிக்கொண்டு, தன் வழவழப்பில் நிக்கலைப் பிடித்து வைக்கும். எத்திலீன் ஆகவிருக்கும் சரக்கை முன்கூட்டியே தின்றுவிடும். மண்ணிலிருந்து இரும்பை இழுத்து வேருக்குக் கொடுக்கும். இத்தனைக்கும் அது வாங்கும் கூலி வேரில் கசிகிற கொஞ்சம் சர்க்கரை. இவ்வளவு நல்ல பிள்ளையை நான் எங்கே பார்ப்பது?

இதெல்லாம் நடக்கிறது என்பதைத் தொட்டியில் நட்டுக் காட்டினால்தான் முனைவர் பட்டம். முதல் முறை நட்டதை மழை கொண்டுபோனது, இரண்டாம் முறை எலி. மூன்றாவதுதான் கடைசி. என் ஆராய்ச்சிப் பதிவின் காலம் அத்தோடு முடிகிறது, இனி நீட்டிக்க வழியில்லை என்று என் வழிகாட்டிப் பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். கல்லூரித் தோட்டத்து வலைக்குடிலில் மூன்று வரிசை வைத்தேன், வரிசைக்குப் பன்னிரண்டு தொட்டி. முதல் வரிசையில் நல்ல மண். இரண்டாவதில் நிக்கல் மண். மூன்றாவதில் அதே நிக்கல் மண்ணும் என் பாக்டீரியாவும்.

மூன்றாம் வாரம் இரண்டாம் வரிசை முழுக்க மஞ்சளாகிவிட்டது. மூன்றாம் வரிசை கும்மென்று பச்சை. யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குடிலுக்குள் ஒரு குதி குதித்தேன். தண்ணீர் ஊற்றும் தோட்டக்கார அக்கா பின்னால் நின்றிருந்தாள். பூதப்பாண்டிப் பக்கம் சொந்த வயலில் வருஷத்துக்கு இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், நெல் போடுகிறவள். அவள் குதிக்கவில்லை. இரண்டாம் வரிசையையே பார்த்துக்கொண்டு, இதுக்கு என்ன கொடுக்கப்போறே என்று கேட்டாள். ஒன்றும் கொடுக்கக்கூடாது, அப்படியே இருக்கட்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்புறம் பிடித்துக்கொண்டது மழை. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பத்து நாள் கழித்துக் குடிலுக்கு ஓடினேன். மறுவாரம் ஆய்வுக்குழு நேரில் பார்க்க வருகிறது. இரண்டாம் வரிசையில் பன்னிரண்டில் ஏழு தொட்டி பச்சை பிடித்திருந்தது.

நாற்று தானாகவே தேறிக்கொள்கிறது என்றால் என் பாக்டீரியாவுக்கு அங்கே என்ன வேலை? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே. தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னத்துக்கு மக்கா அழுகே? தெளிஞ்சுட்டுல்லா. சாகப்போற நெல்லப் பாத்துக்கிட்டு எப்பிடி சும்மா நிக்க? அந்தப் பச்ச வரிசையில இருந்து ஆளுக்கு ஒரு கைச் சேறு எடுத்து இதுக வேரு மூட்டுல வச்சேன். எங்க வயல்ல நோஞ்சான் நாத்துக்கு அப்பிடித்தான் செய்வோம்."

நான் முதலில் செய்த காரியம், அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போனது. நிக்கல் மண்ணில் வெறும் கையா! நகக்கண்ணெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். என்றைக்கோ தொட்ட மண்ணுக்கு இன்றைக்குக் குளிப்பாட்டுகிறாயே என்று சிரித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். அவள் எடுத்து வைத்த சேற்றிலும் அதே அளவு நிக்கல்தான் இருந்தது. உரம் கிடையாது, மருந்து கிடையாது. அந்தச் சேற்றில் கூடுதலாக இருந்தது என் பாக்டீரியா ஒன்றுதான். அப்படியானால் மஞ்சளாகவே நிற்கும் ஐந்து?

"அதுக்கு மண்ணு காணாதுல்லா," என்றாள் அக்கா குற்ற உணர்வோடு. "இதுக்கு மேல எடுத்தா பச்சையில வேரு வெளிய தெரிஞ்சிரும்."

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். சோப்பு நுரையெல்லாம் அவள் சேலையில். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நிம்மதி வராது என்று, தேறிய ஏழின் வேரடி மண்ணையும் தேறாத ஐந்தின் வேரடி மண்ணையும் தனித்தனியாகத் தட்டில் போட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு தட்டிலும் ஆரஞ்சு ஜவ்வரிசி. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வகத்தில் நான் போட்ட கூச்சலுக்கு அடுத்த துறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

குழுவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவும் செய்தார்கள். ஆனால் ஐந்து கலக்காதது, ஏழு கலந்தது என்று தனித்தனியாக எழுதித் தொடரலாம் என்றார்கள். ஒரு கைச் சேறு என்றால் எத்தனை கிராம் என்று மூத்தவர் கேட்டார். அக்காவைக் கூப்பிட்டுக் கையுறை மாட்டி, தராசு முன் நிறுத்தினேன். உறை போட்டால் கை சின்னதாகிவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டே ஆறு முறை அள்ளி வைத்தாள். ஆறும் ஏறக்குறைய ஒரே எடை. மூத்தவர் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் அக்கா அந்த ஐந்து தொட்டியைக் காட்டி, இனி இதுக்கும் வைக்கலாமா என்று கேட்டாள். முடியாது, இன்னும் மூன்று வாரம் இது மஞ்சளாகவே நின்றால்தான் எனக்குப் பட்டம் என்றேன்.

"அதுக என்ன பாவம் செஞ்சுது?" என்றாள்.

மூன்று வாரமும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசி நாள் எல்லாத் தொட்டியிலும் அளந்து, நிறுத்து, சோதனைக்கு வேண்டிய செடிகளைப் பிடுங்கி முடித்தேன். அந்த ஐந்து தொட்டியிலும் ஒவ்வொரு நாற்றை மட்டும் விட்டுவைத்து, கையுறையை அவளிடம் நீட்டினேன்.

இரண்டு வாரத்தில் ஐந்தில் நான்கு பச்சையானது. பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படிக் குதிக்கவில்லை. இந்த முறை அக்காவும் குதித்தாள். அந்த நான்கும் என் ஆய்வேட்டில் இல்லை.