மாதுளை மட்டும் மர்யம் வீட்டுடையது

"மாமி மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி" என்று தொலைபேசியில் ஒரு பெண் குரல் சொன்னபோது, எந்த மாமி என்று கேட்டுவிட்டேன். எனக்கு அக்கா மாதிரி இருந்த ஹபீபா லாத்தாவை நான் ஒருநாளும் ஒரு மாமியாராக நினைத்துப் பார்த்ததில்லை. மருமகள் அழுகையை அடக்கிக்கொண்டு, "உங்க லாத்தாதான்" என்றாள். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டைச் சாவு வீட்டுக்குப் பேருந்தில் போகும் வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஊர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நாவலாசிரியர் ஹபீபாவை நீங்கள் மேடைகளில் பார்த்திருப்பீர்கள். எதையும் வெடுக்கென்று சொல்வார். தஞ்சாவூர்க் கூட்டம் ஒன்றில், "துன்பம்தானே உங்களை எழுத்தாளராக்கியது?" என்று ஒருவர் உருக்கமாகக் கேட்டார். "கஷ்டப்பட்டப்ப நான் ஒரு வரி எழுதலைங்க. கஷ்டம் தீந்து, வயிறாரச் சாப்பிட்டு, நல்லா தூங்கி எழுந்துதான் எழுதினேன்" என்றார் லாத்தா. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

நான் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள், கதைகளும் எழுதுகிறவள். கத்தோலிக்கக் குடும்பம். தொழுகையையும் நாவலையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு பக்கம் எழுதிட்டுத் தொழப் போவேன். சஜ்தாவுல நெத்தியை வைக்கிறப்ப அந்தப் பக்கம் உறுத்துச்சுன்னா, வந்து கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கென்ன ஸ்டெல்லா, பாவசங்கீர்த்தனம் இருக்கு. எதை வேணும்னாலும் எழுதிட்டுப் போய்ச் சொல்லிக்கலாம்." நான் எழுதிய எதுவும் சாமியாரிடம் சொல்லும் அளவுக்கு இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

அவருடைய முதல் நாவல் வந்த காலத்தில் அவர் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். வீட்டுப் பெண்கள் கடிதத்தில் எழுத வராததைக் கேசட்டில் பேசி, விடுப்பு முடிந்து திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மனைவி தனியாகப் பேச ஏது இடம்? லாத்தா வீட்டு மாடியில் கதவு உள்ள ஓர் அறையும், அவர் கணவர் ஜமால் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரும் இருந்தன. பெண்கள் வருவார்கள். லாத்தா பொத்தானை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வேறு யாரும் ஏறி வராதபடி படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாவலில் ஒரு மனைவி கேசட்டில் கணவனிடம் சொல்கிறாள்: "நீங்க வராட்டியும் பரவாயில்லை. பழகிப்போச்சு." அவள் வீட்டு முற்றத்தில் ஒரு மாதுளை மரம். தெருவில் மாதுளை நின்றது அடுத்த வீட்டு மர்யத்தின் முற்றத்தில் மட்டும். புத்தகம் எப்படியோ துபாய் போய், ஆண்கள் தங்கியிருந்த அறையில் ஒருவர் உரக்கப் படிக்க, மர்யத்தின் கணவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன்னிடம் சொல்லாததை மனைவி ஊருக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். இனிமேல் எனக்கு எதுவும் பேசி அனுப்ப வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

மர்யமும் அவளுடைய அண்ணனும் லாத்தா வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். விடுப்பில் வந்திருந்த ஜமால் மச்சானும் அவருடைய தாயாரும் கூடத்தில் இருந்தார்கள். மர்யம் சண்டை போடவில்லை. "நீங்க வெளியதானே லாத்தா உக்காந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வெளியதாம்மா இருந்தேன். அது கற்பனை."

"கற்பனையில எங்க வீட்டு மாதுளை எப்படிங்க வந்துச்சு?" என்றார் அண்ணன்.

லாத்தா, "மரம் உங்களுது. பேச்சு என்னுது. இவங்களுக்கு நான் பேசி அனுப்பினது" என்று கணவரைக் காட்டினார். மாமியார் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மச்சான் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமா, எனக்கு வந்துச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் லீவு போட்டு வந்தேன். மர்யம் வீட்டுக்காரரை நானே பாத்துச் சொல்றேன்" என்றார். திரும்பிப் போனதும் அப்படியே செய்தார். அதற்கு அடுத்த வருடம் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து முத்துப்பேட்டையில் கடை வைத்தார்.

அன்று என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்த லாத்தா, "அப்படி ஒரு கேசட்டே நான் அனுப்பல" என்றார்.

"அப்ப மச்சான் ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நான் கேக்கல. அவங்களும் எங்கிட்ட கேக்கல." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "ஆனா அந்தப் பேச்சு என்னுதுதான். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லணும்னு உக்காருவேன். மழை பெஞ்சுச்சு, மாமிக்குக் கால்வலின்னு வேற எதையாச்சும் பேசி அனுப்பிடுவேன். சொல்லாததும் அவங்களுக்குக் கேட்டிருக்கு பாரு" என்றார். பேருந்து வந்தது. "பிரியத்தைப் பத்தி நான் எழுதினதை எல்லாம் திருத்தணும்" என்று சொல்லிக்கொண்டே என்னை ஏற்றிவிட்டார். இரண்டாவது நாவல் அங்கிருந்துதான் பிறந்தது.

மச்சான் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது லாத்தாவும் போய்விட்டார். ஜனாஸாவை எடுத்துப் போன பிறகு மர்யம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்படி ஒரு கேசட்டை லாத்தா அனுப்பவே இல்லை என்பதைச் சொன்னேன்.

"அன்னிக்கு அது என் பேச்சு இல்லைதான். கோவம் தீந்து, திரும்பவும் கேசட் அனுப்புன்னு எங்க வீட்டுக்காரங்க சொன்னப்ப, அதே மாடியில உக்காந்து அதையே பேசி அனுப்பினேன். அடுத்த பெருநாளைக்கு வந்துட்டாங்க. லாத்தாகிட்ட இதை நான் சொன்னதே இல்லை. நீங்க எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். லாத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அடுத்தவர் வேதனையை எழுதும்போது, இது என்னுடையது என்று ஒரு கூடத்தில் நாலு பேர் முன்னால் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாத வரிகளை அடித்துவிடுகிறேன். இதை எழுதும்போதும் நிறைய அடித்தேன், லாத்தா. மிச்சமிருப்பது இவ்வளவுதான்.