முதுகு காட்டாத வண்டி

என் டாக்சிக்குப் போன மாதம் பின்னால் ஒரு கண் வைத்தேன். ரிவர்ஸ் கேமரா. கியரைப் போட்டதும் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் இருக்கும் சின்ன டிவியில் வந்துவிடுகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் வேறு. சுவர் கிட்டே வந்தால் 'பீப் பீப்' என்று அது பதறுகிற பதற்றத்தில் எனக்கு ஓட்டத் தெரியுமா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது. வேளச்சேரியில் ஏறிய ஒரு ஐ.டி. பையன், "அண்ணா, இது இல்லாத காலத்துல எப்டிண்ணா ரிவர்ஸ் எடுத்தீங்க?" என்று கேட்டான்.

"அப்பவும் கேமரா இருந்துது தம்பி. கோட்டு சூட்டு போட்டுக்கினு, கழுத்துல மாலையோட, ஒரு மாப்ள" என்றேன்.

பையன் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். நீங்கள் அப்படித் திரும்ப மாட்டீர்கள் என்கிற தைரியத்தில் மீதியைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால், மொத்தம் பதினாறாம் வகுப்பு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் மந்தைவெளியில் ஸ்கூல் வேன். ஞாயிற்றுக்கிழமையானால் மயிலாப்பூரில் ராமதுரை மாமா வீட்டு ஷெட்டில் அவருடைய பழைய காரைத் துடைத்து ஓட்டுகிற வேலை. அந்த ஷெட்டின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: பெட்ரோல், பித்தளைக்குப் போடும் பாலிஷ், பழைய தேக்கு, இத்தனைக்கும் மேலே உளுந்து அப்பளம். மாமியின் அப்பளங்கள் காய்வது மாமாவின் காருடைய பானெட் மேல்தான். வாரத்தில் ஆறு நாள் அப்பளம், ஒரு நாள் கார். அதுதான் அந்த வீட்டு ஒப்பந்தம்.

கார் என்று சொன்னால் நீங்கள் மனதில் ஒன்றை நினைப்பீர்கள். அதை அழித்துவிடுங்கள். அந்தக் காலத்தில் கப்பலில் இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் வரும். மேலே என்ன வேண்டுமோ அதை இங்கே நாமே கட்டிக்கொள்ளலாம், வீடு கட்டுகிற மாதிரி. அப்படி ஒரு ஜமீன்தார் கட்டிக்கொண்டது இது. மேலே கூரை கிடையாது. வால் பக்கம் படகு மாதிரி கூர்மையாக முடியும், நுனியில் பித்தளைப் பூண். பக்கமெல்லாம் தேக்குப் பட்டைகள். தரையில் வெற்றிலை துப்ப ஒரு ஓட்டை. ஓடுகிற வண்டியில் இருந்து ரோட்டுக்கே நேராக. துப்பாக்கி செருகிவைக்க ஒரு தோல் குழாய். அதில் மாமா குடை வைத்திருந்தார்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பின் சீட்டுதான் விஷயம். அது பின்பக்கம் பார்த்து இருந்தது.

ஜமீன்தாருக்கு மூன்று தம்பிகள். சொத்துத் தகராறு. எவனாவது ஒருத்தன் பின்னால் வந்து கத்தியைச் செருகிவிடுவான் என்று அவருக்குப் பயம். அதனால் போகிற வழியெல்லாம் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போகிற மாதிரி சீட் போடச் சொன்னாராம். முதுகுக்கு வண்டி அகலத்தில், ஆளுயரத் தேக்குப் பலகை. முன்னால் இருக்கும் டிரைவரையும் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. ஜமீன் கரைந்தபோது அந்த வண்டி, ஜமீனுக்கு வக்கீலாக வாதாடிய மாமாவின் அப்பாவிடம் ஃபீஸாக வந்து சேர்ந்தது.

அடையாறில் இருந்து ஒருவர் மாதம் ஒரு தடவை அதைப் பார்க்க வருவார். பழைய கார்கள் வாங்கிச் சேர்க்கிறவர், கூலிங் கிளாசை ஷெட்டுக்குள்ளும் கழற்றாதவர். "இன்ஜினும் சேஸிஸும் தங்கம் சார். மேல இருக்கற கட்டையத் தூக்கிப் போட்டுட்டு, கம்பெனி பாடி மாதிரியே ஒண்ணு செஞ்சு மாட்டிடுவேன்" என்பார்.

"அதத் தூக்கிப் போட்டுட்டா அப்பறம் அது யாராத்து வண்டி?" என்பார் மாமா.

மாமி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "குடுத்துத் தொலையுங்கோன்னா. முப்பது வருஷமா ஒரு நல்லது கெட்டதுக்கு ஒதவித்தா அது? ஒரே ஒரு காரியத்துக்கு ஒழுங்கா ஒதவட்டும், அப்பறம் நான் வாயே தெறக்கல."

மாமி வாயைத் திறக்காமல் இருப்பது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தத் தை மாதம் அந்த ஒரு காரியம் வந்தே விட்டது. மாமியின் அண்ணன் வரதன் பெண்ணுக்குக் கல்யாணம். முந்தின சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலில் இருந்து திறந்த காரில் ஏற்றி, மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள், தெரியுமில்லையா, அது. சொல்லிவைத்திருந்த நீளமான வெள்ளைக் கார் அன்று மத்தியானம் தி.நகரில் படுத்துவிட்டது. முகூர்த்த சீசன், வேறு கார் கிடைக்கவில்லை. மாமா எழுந்து நின்று, "நம்மாத்து வண்டி இருக்கு" என்றார். ஏதோ கோட்டையைத் தானம் கொடுக்கிற மாதிரி.

மாமி விரலை நீட்டினார். "இன்னிக்கு ஒழுங்கா வந்து சேரட்டும். இல்லேன்னா நாளன்னிக்கு அடையாறுக்காரன் எடுத்துண்டு போவான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அப்பளங்களை எடுத்தேன்.

கோயில் வாசலில் சாமந்தி மாலையெல்லாம் கட்டி நிறுத்தியபோதுதான் வரதன் மாமா பின் சீட்டைக் கவனித்தார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் காது சிவக்கும்.

"என்னய்யா இது? மாப்ள மண்டபத்துக்கு முதுகக் காட்டிண்டா வருவர்? சம்பந்தியாத்துல என்ன நெனைப்பா?"

பலகை போல்ட்டு போட்டு இறுக்கியது. சீட்டைத் திருப்ப முடியாது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா மாமா பெரிய விஷயம்? வண்டிய ரிவர்ஸ்லயே எட்த்துக்கினு போய்ட்டா மாப்ள மண்டபத்தப் பாத்துக்கினே வருவாரு" என்றேன்.

சத்தியமாக விளையாட்டுக்குத்தான் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தால், பத்துப் பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். "பையன் சொல்றது சரி" என்றார் வரதன் மாமா. பதினாறாம் வகுப்பு படித்தவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் மரியாதை.

ராமதுரை மாமா ரேடியேட்டருக்குத் தண்ணீர்க் கூஜாவோடு என் பக்கத்தில் ஏறினார். "டேய், முடியுமாடா?"

"பார்த்துக்கினே இரு மாமா."

பார்ப்பதில்தான் சிக்கல். திரும்பிப் பார்த்தால் தேக்குப் பலகை. தம்பிகளின் கத்தியைத் தடுக்கப் போட்ட பலகை என் கண்ணையும் தடுத்தது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் மாப்பிள்ளை ஒருத்தர்தான். ஏதோ ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவர். வாயைத் திறந்தால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து இருபத்தெட்டு வருஷம் வாயை மூடியே வளர்ந்தவர். பெண் வீட்டார் தைத்துக் கொடுத்த சூட்டில் இன்னும் சின்னதாகத் தெரிந்தார்.

"மாப்ள சார், நீதான் என் கண்ணு. லெஃப்டு ரைட்டுன்னு சொல்லு."

நகர்ந்ததும், "லெஃப்ட்ல…" என்று முனகினார். நான் லெஃப்டில் ஒடித்தேன். பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் முன்னால் பார்த்து. அவருடைய லெஃப்ட் என்னுடைய ரைட்.

"லெஃப்டு ரைட்டு வாணாம் சார்! ஒரு பக்கம் குளம் கீது, ஒரு பக்கம் கடை கீது. குளத்துப் பக்கம், கடைப் பக்கம்னு சொல்லு, போதும்."

அதற்கப்புறம் மாட வீதியில் நாங்கள் போனது தனி அழகு. "குளத்துப் பக்கம் கொஞ்சம்… கடைப் பக்கம்… வரலாம்…" ரிவர்ஸ் கியர் ஊளையிட்டது. நாதஸ்வரக் கோஷ்டி வால் பக்கம் நடந்துகொண்டிருந்தது. சைலன்சரும் அங்கேதான். நாதஸ்வரக்காரர் முகம் கறுத்துப்போய் வந்து, "ஐயா, நாங்க வாசிக்கறதும் காத்துலதான். நீங்க விடற காத்துல வாசிக்க முடியல" என்றார். கோஷ்டி மூக்குப் பக்கத்துக்கு இடம் மாறியது.

ஒரு ஆட்டோக்காரன் கோஷ்டியைத் தாண்டி பானெட்டுக்கு நேராக வந்து நின்றான். "யோவ், ஒன்வேயில எதுக்க வர்றியே, அறிவு கீதா?"

"வரலபா, போறேன்."

"போறவனுக்கு மூஞ்சி ஏன் இங்க கீது?"

 சத்தம் கேட்டு டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வண்டி சரியான திசையில் போகிறது, மூக்கு தப்பான திசையைப் பார்க்கிறது. மாப்பிள்ளை சரியான திசையைப் பார்க்கிறார், டிரைவர் தப்பாகப் பார்க்கிறான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "இதுக்கு எந்த செக்‌ஷன்னு எனக்குத் தெரியல. நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிடு" என்றார். நல்ல மனுஷன்.

இதற்குள் மாப்பிள்ளை மாறிவிட்டார். நூறு பேர் வழிவிட, ஒரு வண்டி தன் வாய்ச்சொல்லுக்குத் திரும்புவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஏறாது? சீட்டின் மேல் எழுந்து நின்று, மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தார். "சைக்கிள் ஓரம் போ! கடைப் பக்கம் ஒடி! வரலாம், வரலாம், போலாம் ரைட்!" அவருடைய அம்மா, "எம்பிள்ளையா இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ராமதுரை மாமா முகத்தில் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. "நின்னுடும்டா, வண்டி நம்மாத்துலயே நின்னுடும்" என்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் சொன்னார்.

மண்டபத்துச் சந்துக்குள் திரும்பினோம். குளம் போய்விட்டது, கடையும் போய்விட்டது. "இனி நேர்தான். வரலாம், வரலாம்" என்றார் மாப்பிள்ளை. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், நடுவில் மடிசாரில் நம் மாமி, வாழைமரத்தடியில் வரதன் மாமா. இதெல்லாம் எனக்குத் தெரியாது, அப்புறம் சொன்னார்கள். மாடி ஜன்னலில் கல்யாணப் பெண் எட்டிப் பார்த்ததும் எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், என் கேமரா மேலே திரும்பிவிட்டது. கடைசியாக எனக்குக் கிடைத்த உத்தரவு 'வரலாம்'. நான் வந்துகொண்டே இருந்தேன்.

பித்தளைப் பூண் போய் வாழைமரத்தில் மோதியது. மரம் யோசித்து, நிதானமாக, குலையோடு வரதன் மாமா மேல் சாய்ந்தது. வால் ஆரத்தித் தட்டைத் தட்டிவிட, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் முழுக்க மாமியின் பட்டுப் புடவையில். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இன்னும் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் நின்றது. மாமா கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சுடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் அதுவரை யாரைக் கிண்டல் செய்தும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

வரதன் மாமா வாழை இலைக்குள்ளிருந்து வெளியே வந்தார். காது இரண்டும் தக்காளி. சம்பந்தி வீட்டார், சமையல்காரர்கள், எல்லார் முன்னாலும் கத்தினார். "ராமதுரை! நாளைக்கே அந்த அடையாறுக்காரன வரச்சொல்லி இந்தக் கட்டுமரத்தத் தள்ளிவிடும்! ஒமக்கும் புத்தி இல்ல, ஒம்ம வண்டிக்கும் புத்தி இல்ல!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமி புடவைத் தலைப்பைப் பிழிந்தார். முப்பது வருஷமாகத் தினமும் தான் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகளை அண்ணன் வாயில் கேட்டதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! "அண்ணா, எங்காத்து வண்டிய நான் திட்டுவேன், ஆயிரம் திட்டுவேன். நீ திட்டப்படாது" என்றார். பிறகு வேறு தட்டு வாங்கி மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றி, "எறங்குங்கோ மாப்ளே" என்று இறக்கினார். இறக்கிவிட்டு, தானே ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முதல் தடவையாக.

"நான் பொடவை மாத்திண்டு வரணும். ஆத்துக்கு விடுறா. நேராவே விடு."

முதல் கியரைப் போட்டேன். வண்டி மூக்கை முன்னால் வைத்து, மனுஷ வண்டி மாதிரிக் கிளம்பியது.   சந்து முனை வரும்போது பலகைக்கு அந்தப் பக்கம் மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏன்னா, எங்கண்ணா வாழமரத்தப் பிடிச்சுண்டு நிக்கறான். நாம போகப் போக சின்னதா ஆயிண்டே போறான்னா. பாக்க எவ்வளவு நன்னாருக்கு தெரியுமோ!"

 மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீடு வரும்போது மாமி இன்னொன்று சொன்னார். "அப்பளத்த நாளையிலேந்து மொட்டமாடில ஒலத்திக்கறேன்." அதுதான் தீர்ப்பு.

அதற்குப் பிறகு மாமி கறிகாய் வாங்கப் போனாலும் அதில்தான். உலகத்தையே சின்னதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் யாரிடமாவது சண்டை என்றால், வேண்டுமென்றே அவர்கள் வீட்டு வழியாக விடச் சொல்வார்.

மாமா போனார், பிறகு மாமியும் போனார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது, ஷெட் இருந்த இடத்தில் ஜெனரேட்டர். கூலிங் கிளாஸ்காரர் பொறுமைசாலி. காத்திருந்து வாங்கிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் சவாரி இறக்கிவிட்டு நின்றபோது பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று வந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் மாமா வண்டியைக் கண்டுபிடித்தேன். பளபளவென்று பச்சைத் தகரப் பாடி, கம்பெனி பாடி மாதிரியே. சிக்னலில் நின்றபோது ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் கிட்டே போய்க் கேட்டேன். "சார், இதுக்கு மேல மரத்துல ஒண்ணு இருந்துதே?"

"அந்தக் கட்டையா? அப்பவே எடைக்குப் போயிடுச்சு" என்றார்.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின் சீட்டில் இரண்டு பேர், எல்லாரையும் போல முன்னால் பார்த்துக்கொண்டு. வண்டி என்னைத் தாண்டிப் போனது. நான் கையை ஆட்டினேன், அந்தப் பழைய சீட் நினைப்பில். இரண்டு முதுகுதான் தெரிந்தது. மாமி உட்கார்ந்திருந்தால், சின்னதாக ஆகிக்கொண்டே போகிற என்னைப் பார்த்து, தெரு முனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போயிருப்பார்.