இரண்டாவது பிறேக் இல்லாத கார்

1. என் பக்கத்துப் பெடல்

யாரையோ இடிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் காரை நிறுத்த முடியாமல் போகும் நேரம் மிகச் சிறியது. இருபத்தேழு வருடம் கார் பழக்கிய எனக்கு அந்த நேரம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அப்போது ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தது பழகவந்த ஆள் இல்லை. நான்தான்.

கார் பழக்கும் இடத்தை யாழ்ப்பாணத்தில் லேர்னர்ஸ் என்பார்கள். என்னுடையது அரியாலையில் இருக்கிறது. கார் ஒன்றுதான்: எண்ணூறு சிசி, நாலு கியர், வெள்ளை. வெள்ளை என்று நான் சொல்கிறேன், மற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இடது பக்கத்தில் நான் இருக்கும் சீற்றுக்கு முன்னால் எனக்கென்று தனியாக ஒரு பிறேக் பெடல் உண்டு. பழகுகிறவர் பிழைவிட்டால் என் பக்கத்தில் நான் மிதிப்பேன், கார் நிற்கும். அதை நாங்கள் இரண்டாவது பிறேக் என்போம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளில் ஒரு வசனம் சொல்வது என் வழக்கம். "என்னட்டைப் பழகின ஒருத்தரும் இண்டைவரைக்கும் ஓராளை இடிச்சதில்லை." கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்வேன். அது உண்மையாக இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் சொல்லிச் சொல்லி அது பழகிவிட்டது.

2. நியூட்ரல்

சுபா என்னிடம் பழக வந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் பண்டத்தரிப்பு, எங்கள் பகுதியில் மிட்வைஃப் வேலை, குடியிருப்பதும் எங்கள் ஒழுங்கையில்தான். வருடக்கணக்காக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்வந்து முதுகு பிடித்துக்கொண்டதால் கார் பழக வந்தாள். பிரசவ வலியில் கத்தும் பெண்களை அதட்டி அமைதிப்படுத்துகிறவள், கிளச்சை விடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

மூன்றாம் வகுப்பில் கிழக்கு அரியாலைப் பக்கம், கடல்நீரேரி தெரியும் ஒரு வெறும் வீதியில் போய்க்கொண்டிருந்தோம். பற்றைக்குள்ளிருந்து ஒரு மாடு வந்து வீதியில் ஏறியது. சுபா பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதித்தாள். மிதித்தது பிழை என்று தெரிந்ததும் இன்னும் பலமாக மிதித்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் என் பெடலை மிதித்தேன். கார் துள்ளி நின்றது. மாடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கடந்து போனது.

"கால் எங்கை கிடக்கெண்டே தெரியேல்லை மாஸ்டர்" என்றாள். 

"தெரியாது, பிள்ளை. பயந்தால் ஒருத்தருக்கும் தங்கடை கால் தெரியாது. ஆனால் கை தெரியும். பிழைச்சுப் போச்செண்டால் காலைத் தேடாதையும். கையாலை கியரை நியூட்ரலுக்குத் தட்டும். எஞ்சின் கத்தும், கத்தட்டும். கார் உம்மைக் கொண்டு போகாது."

"அதுக்குத்தானே நீங்கள் பக்கத்திலை பிறேக்கோடை இருக்கிறியள்?"

"நான் எந்த நாளும் பக்கத்திலை இருப்பனோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லாமல் கொள்ளாமல் "நியூட்ரல்!" என்று கத்துவேன். அவள் கை உடனே கியருக்குப் போக வேண்டும். சந்தியில் கத்துவேன், வளைவில் கத்துவேன், அவள் ஏதாவது வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதும் கத்துவேன். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் பயந்துபோய் வெளியே வந்து பார்த்தார். இரண்டு மாதத்தில் நான் வாயைத் திறக்க முன்பே அவள் கை போய்விடும்.

அந்த இரண்டு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. சுபாவுக்கு அந்தக் கார் பிடித்துப் போய்விட்டது. மூன்றாம் கியரில் அடிமட்டும் மிதித்தால் அந்த எண்ணூறு சிசி அடித்தொண்டையில் அலறும், கதவு கிலுகிலுக்கும், வேகமுள்ளைப் பார்த்தால் ஐம்பத்தைந்துதான் இருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "மாஸ்டர், பறக்கிற மாதிரிக் கிடக்கு!" என்பாள். பக்கத்தில் ரியூசனுக்குப் போகும் பெடியன் மோட்டார் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போவான்.

3. தையல் மெசின்

சுபாவுக்கு இருப்பது ஒரே தம்பி, ரமணன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்துப் படிப்பித்து கனடாவுக்கு அனுப்பியவள் அவள்தான். கலியாணமும் செய்துகொள்ளவில்லை. பதினான்கு வருடம் கழித்து, இனி இங்கேதான் இருப்பேன் என்று அவன் வந்து இறங்கியபோது அவள் மூன்று நாள் லீவு போட்டாள். அதற்கு முன் அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

வந்து ஒரு மாதத்தில் கொழும்பில் ஒரு கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கதவு, மூவாயிரம் சிசி, ட்வின் டர்போ, கிளச் இல்லாத ஓட்டோ கியர், கறுப்பு. தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஒழுங்கையின் வேகத்தடையில் ஏற்ற அவன் பட்ட பாட்டை அயலெல்லாம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

என் காரைப் பார்த்துச் சிரித்தான். "மாஸ்டர், குறை நினைக்காதையுங்கோ. இது கார் இல்லை, தையல் மெசின்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தம்பி, என்ரை தையல் மெசினிலை நான் நாலு கியரையும் முழுக்கப் பாவிக்கிறன். அதின்ரை பலம் அவ்வளவும் என்ரை கைக்குள்ளை. நீர் உந்த மூவாயிரத்தை எங்கை கொண்டுபோய் விடப் போறீர்? நல்லூரிலை பின்னேரத்திலை சைக்கிளுக்குப் பின்னாலை இருபதிலை உருட்டத்தானே போறீர்?"

"ஏறுங்கோ, காட்டுறன்."

ஏறினேன். நாவற்குழிப் பக்கம் வீதி நேராக வந்ததும் மிதித்தான். என் முதுகு சீற்றுக்குள் புதைந்தது. வயிறு பின்னால் எங்கேயோ தங்கிவிட்டது. என் இடது கால் தானாகவே முன்னே போய் இல்லாத பெடலை மிதித்தது. காலடியில் கிடந்த விரிப்பு சுருண்டு மடிந்தது.

"என்ன தேடுறியள் மாஸ்டர்?"

"பிறேக்கைத்தான்."

அவன் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தான். "உண்மையைச் சொல்லுங்கோ. ஆசையா இல்லையோ?"

"எனக்கு என்ரை கார் போதும்" என்றேன். அது முழு உண்மை இல்லை. அன்று வீட்டுக்கு வந்தும் அந்த எஞ்சின் சத்தம் காதுக்குள் இருந்தது. அறுபத்தொரு வயதில் இதென்ன விசர் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

4. நாலு தேசிக்காய்

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அந்தக் காருக்குப் பூசை. முன் வீதியில் காரைக் கோயிலைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். போனற்றில் மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டினார். காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். நாலு ரயருக்கும் அடியில் நாலு தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்தார். கார் அவற்றை நசித்துக்கொண்டு முன்னே உருண்டால் கண்ணூறு, அந்தக் கண் திருஷ்டி, கழிந்தது என்று கணக்கு. ஊரில் எந்த வாகனம் வந்தாலும் இதுதான் வழக்கம், நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

யார் உருட்டுவது என்று வந்தபோது ரமணன் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினான். "மாஸ்டர்தான். இருபத்தேழு வருசமா ஒரு கீறல் இல்லாத கை. அந்தக் கைராசி என்ரை காருக்கும் வேணும்."

சுபா மெல்லச் சொன்னாள். "தம்பி, மாஸ்டருக்கு ஓட்டோ கியர் ஓடிப் பழக்கமில்லை."

அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அது குத்தலாகப் பட்டது. "நாலு முழம் உருட்டுறதுக்கு என்ன பழக்கம் வேணும் பிள்ளை? தேசிக்காய் நசிக்கத் தெரியாதோ எனக்கு?" என்று திறப்பை வாங்கினேன்.

அந்த இடத்தில் நான் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பழகுகிறவர்கள் கவனியுங்கள். கோயில் வீதி என்பதால் செருப்பைக் கழற்றியிருந்தேன். செருப்பில்லாமல் கார் ஓடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான். உடைத்த தேங்காயின் தண்ணீர் கிடந்த இடத்தால் நடந்து வந்து ஏறினேன். பாதத்தைத் துடைக்கவில்லை. அந்தக் காரின் பெடல்கள் றப்பர் இல்லை, வழுவழுவென்ற உலோகம். அதைப் பார்த்தேன், வடிவாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் ஆள் நின்றது. காருக்கு இருபது அடி முன்னால், கோயில் வாசலில் இருந்த கேணியின் கட்டுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு ரமணன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். அவனைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சுபா மாத்திரம் இடப்பக்கத்தில் வந்து ஏறினாள். "நானும் இருக்கிறன் மாஸ்டர்" என்றாள்.

ஸ்ரார்ட் செய்து கியரை டி-யில் போட்டு, பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் நகரவில்லை. ரயருக்கு முன்னால் தேசிக்காய் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. எண்ணூறிலும் இப்படித்தான் நிற்கும், ஒரு மிதி கொடுத்தால் ஏறிவிடும். அதே மிதியைக் கொடுத்தேன். எண்ணூறுக்குக் கொடுக்கிற மிதி.

கார் பாய்ந்தது.

பிறேக்குக்குக் காலை மாற்றினேன். ஈரப் பாதம் உலோகத்தில் வழுக்கி மறுபடி அக்சிலேற்றரில் விழுந்தது. இடது கால் கிளச்சைத் தேடி வெறும் தரையை ஓங்கி மிதித்தது. கண்ணுக்கு முன்னால் ரமணன் பெரிதாகிக்கொண்டு வந்தான். அவன் நகரவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது போன் திரையை. திரையில் கார் இன்னும் தூரத்தில் இருந்திருக்கும். ஐயர் கத்தியது கேட்டது. எனக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

"நியூட்ரல்!"

கத்தியது சுபா. கத்தும்போதே அவள் கை கியர் லிவரை டி-யிலிருந்து முன்னால் தட்டிவிட்டது. எஞ்சின் வீதி அதிர அலறியது, ஆனால் கார் இழுப்பதை விட்டது. அப்போதுதான் என் கால் பிறேக்கைக் கண்டுபிடித்தது. ரயர் மண்ணில் உரசிக்கொண்டு நின்றது.

பம்பருக்கும் ரமணனின் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. அவன் போனை இறக்கி, காரைப் பார்த்து, அப்படியே கேணிக்கட்டில் இருந்துவிட்டான். சுபா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவன் முழங்கால் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாள், சின்னப் பிள்ளை விழுந்தால் பார்ப்பதுபோல. "ஒண்டுமில்லை அக்கா, ஒண்டுமில்லை" என்று அவன் சொல்லச் சொல்ல அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

நான் இறங்கவில்லை. ஐயர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "தேசிக்காய் நாலும் நசிஞ்சு போச்சு. கண்ணூறு முழுக்கக் கழிஞ்சுது எண்டு நினையுங்கோ" என்றார். 

5. வீடியோ

அன்று எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது சுபாதான், என் எண்ணூறில். கறுப்புக் கார் கோயில் வீதியிலேயே நின்றது. ரமணன் பின் சீற்றில் முழங்காலை நாடிக்கு முட்டக் கொடுத்துக்கொண்டு இருந்தான். நான் என் வழக்கமான இடத்தில், இரண்டாவது பிறேக்குக்கு முன்னால் இருந்தேன். வழி முழுக்க அதை நான் தொடவில்லை. வளைவில் அவள் மூன்றாம் கியரில் அடிமட்டும் மிதித்தாள். கதவு கிலுகிலுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது அப்போதுதான்.

அடுத்த கிழமை ரமணன் வந்தான். "மாஸ்டர், எனக்கும் தையல் மெசின் பழக்குங்கோ" என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. கறுப்புக் காரை அவன் விற்கவில்லை, இன்றும் வைத்திருக்கிறான். ஆனால் ஏற முன்பு செருப்பின் அடியைத் துவாயால் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறான். சுபா லைசன்ஸ் எடுத்துவிட்டாள்.

அந்த வீடியோவை அழிக்கப் போகிறேன் என்று ரமணன் சொன்னான். வேண்டாம், எனக்கு அனுப்பும் என்றேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளில் அந்தப் பழைய வசனத்தைச் சொல்வதில்லை. இந்த வீடியோவைக் காட்டுகிறேன். இடிக்கவில்லைதானே மாஸ்டர், உங்கள் வசனம் இன்னும் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். சரியில்லை. இடிக்காமல் விட்டது சுபா, நான் இல்லை.

எந்தக் கார் ஓடச் சுகம் என்று பெடியள் கேட்கும்போதும் அதையே காட்டுவேன். எண்ணூறு என் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அதில் நான் எவ்வளவு கூத்தாடினாலும் அடுத்தவனுடைய முழங்கால் அதற்கு விலையாகாது. அதனால்தான் அதில் நிம்மதியாகச் சிரிக்க முடிகிறது. இது நான் படித்த பாடம்.

ஆனால் வீடியோவில் அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒருநாள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் நானே கண்டேன். தேசிக்காயைத் தாண்டிக் கார் பாய்கிற முதல் கணம், கண்ணாடிக்குப் பின்னால் என் முகம் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் சுபாவின் கை ஏற்கெனவே கியரை நோக்கிப் போகிறது. முன்னால் அவளுடைய ஒரே தம்பி நிற்கிறான்.

நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.