தண்ணீர் குடிக்காத ஆண்கள்

அத்தாவுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்ட அன்று நான் சென்னையில் மூத்திரம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறுதான் எரியும். யூரியாவையும் உப்புகளையும் தண்ணீரில் கரைத்து, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் நாங்கள் செய்த ஸ்டென்டை வாரக்கணக்கில் ஊறப்போடுவோம். அதுதான் என் பிழைப்பு. புராஸ்டேட் வீங்கி மூத்திரப் பாதையை நெரிக்கும்போது, உள்ளே நின்று வழியைத் திறந்து பிடிக்கிற சின்னக் கம்பிச் சுருள் அது. மயக்க மருந்து தாங்காத வயசாளிகளை மனதில் வைத்துத்தான் அதை வரைந்தேன்.

என்னைப் பெற்ற அத்தாவும் அப்படி ஒரு வயசாளிதான். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் காலமெல்லாம் மோட்டார் பைப்பும் வால்வும் விற்றவர். இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். டியூபைச் செருகி, தொடையில் பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். அன்றோடு அத்தா பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தொழவைக்கும் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, நோயாளிக்குச் சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து வரிசையில் நின்றால் போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஹஜ்ரத் படியிறங்கிய பிறகு என்னைப் பார்த்தார்.

"அல்லா ஏத்துக்குவான். தோள் ஒட்டிக்கினு நிக்கிறவன் மூக்கப் புடிப்பானே."

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு வேறு. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா மூட்டுவலி என்று சொல்லிச் சமாளித்தாள். டியூப் வருவதற்கு முன்பே, சொட்ட ஆரம்பித்த காலத்தில், அத்தா தானாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவது. சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் நிறுத்தினால் இரவுத் தொழுகையான இஷா முடிகிறவரை நாக்கு ஒட்டினாலும் ஒரு வாய் குடிக்க மாட்டார். நாங்கள் கத்திப் பார்த்தோம். பிடிவாதத்தில் மனுஷனை அசைக்க முடியாது.

டியூப் போட்ட பிறகு ஒருநாள் வாய் விட்டே கேட்டார். "நீ இன்னாவோ செஞ்சிக்கினு இருக்கியே, அத எனக்கு வெச்சி வுடு. ஒரு பெருநாளைக்காவது நான் வரிசையில நிக்கணும்."

ஸ்டென்ட் அப்போது நோயாளிகளிடம் சோதனையில் இருந்தது. வடிவமைத்தவனின் சொந்தக்காரர்களைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. விதி சரிதான். விற்பனைக்கு வரட்டும், முதலாவது உங்களுக்குத்தான் என்று சொன்னேன். அதை நம்பி உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கல்வராயன்மலைக்காரர்கள். மலையிலிருந்து இறங்கி, சங்கராபுரத்தில் பஸ் மாறி, சோதனை நடந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிற ஒருவருக்கு ஸ்டென்டை வெளியே எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாட்டர் ஹீட்டர் கம்பி மாதிரி அதில் உப்பு படிந்து வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் குறைந்து மூத்திரம் கெட்டியானால்தான் அப்படிப் படியும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோமே, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"குடிச்சிட்டு பஸ்ல எங்கங்க போறது? கண்டக்டர் நிறுத்துவாரா?"

டியூப் வருவதற்கு முன்னால் என் வீட்டில் ஒருவர் செய்ததும் அதையேதான். ஆபீசில் போய்ச் சொன்னேன். நாம் காய்ச்சுகிற மூத்திரம் வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கு, நேரத்துக்கு நேரம் தண்ணீர் குடிக்கிற ஆளுடையது. மூத்திரத்துக்குப் பயப்படுகிறவன் குடிக்கவே மாட்டான். அவனுக்குத்தானே இந்தச் சாமானே? கெட்டியான கரைசலில் சோதிக்கிறேன், மேல்பூச்சை மாற்றுகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மேலதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு, சொன்ன பேச்சைக் கேட்காத பேஷன்ட்டுக்கெல்லாம் நாம் டிசைன் பண்ண முடியாது என்றார். பொருளில் குறையில்லை, ஆட்கள்தான் சரியில்லை என்று முடிவாகிவிட்டது. இங்கே திட்டத்தை மூடினார்கள். என் வரைபடம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கைமாறியது. அங்கே ஜனங்கள் ஒழுங்காகத் தண்ணீர் குடிப்பார்களாம். நாசமாய்ப் போக.

அத்தாவிடம் சொன்னேன். "சரி வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்த பெருநாள்களில் புதுச்சட்டை போட்டு, பள்ளிவாசல் மைக்கில் வந்த தக்பீர் முழக்கத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

இதயம்தான் கடைசியில் அவரைக் கைவிட்டது. உடலைக் குளிப்பாட்ட வந்தவர் டியூபைப் பார்த்துத் திகைத்து, இழுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். இழுக்காதீங்க, உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கு என்றேன். சிரிஞ்சால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நானே மெல்ல உருவினேன். இத்தனை வருஷம் படித்த படிப்பில் என் தகப்பனுக்கு நான் செய்தது அது ஒன்றுதான். கழுவித் துடைத்து, வெள்ளைத்துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் தூக்கிப்போய் பள்ளிவாசலில் தொழுகை வரிசைகளுக்கு முன்னால் வைத்தோம். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பக்கத்துக் கடைக்காரர் என்னோடு நடந்து வந்தார். அத்தாவோடு பல வருஷம் தோளொட்டித் தொழுதவர். உங்க அத்தா ஏன் பள்ளிக்கே வராமல் போனார், யார் மேலயாவது கோபமா என்று கேட்டார். இனி யாருக்கு மறைக்க?

"மூத்திரம் போவலங்க. டியூபு போட்டிருந்தாங்க. வெக்கப்பட்டுக்கினு வரல."

அவர் நடையை நிறுத்தினார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கும் அப்டித்தாம்பா இருக்குது. வூட்ல கூட சொல்லல. தண்ணி குடிக்கறத கம்மி பண்ணிட்டேன்."

தண்ணி குடிங்க என்றேன்.