முந்தானையில் விழுந்த மார்க்

எண்பதுகளில், அமெரிக்காவில் பிளசன்டன் என்ற ஊரில் இருந்த மகன் வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் வருஷம், பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் மருமகள் என்னைச் சேர்த்துவிட்டாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் வாத்தியார் கேள்வி கேட்டால், சிலேட்டுக் குச்சி கீழே விழுந்த மாதிரி குனிந்து தேடுகிற ஆள்.

இங்கே டீச்சரம்மா ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வியையும் பதிலையும் வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதல் வாரம் தலைவலி என்றேன். இரண்டாம் வாரம் வயிற்றுவலி. மூன்றாம் வாரமும் சொல்லாவிட்டால், ஏபிசிடி எழுதுகிற கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவேன் என்று டீச்சரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே செய்தும் விடுவார். இந்த வயதில், மருமகளுக்குத் தெரிய, ஒரு வகுப்பு கீழே இறங்குவதா?

மூன்றாம் வார வகுப்புக்கு முந்தின நாள் காலை என் வீட்டுக்காரரோடு நடக்கக் கிளம்பினேன். மருமகள் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழ் எழுத்திலேயே, 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வழியில் நாயோடு ஒரு அம்மா வந்தார். தபால்காரர் வந்தார். இருவரையும் பத்திரமாகப் போகவிட்டேன்.

"நாய் கூட உன்ன பாத்து நின்னுச்சு. அதையாவது கேட்டிருக்கலாம்" என்றார் அவர்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்களேன். நான் கிளாஸ்ல சொல்லிடறேன்."

"அதுக்குப் பேரு காப்பியடிக்கிறது."

பார்க்கில் வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் மைதானத்தில் அன்று நாற்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரிக் குளிர். குன்றெல்லாம் பச்சை. நான் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேலே முந்தானையையும் இழுத்துப் போர்த்தியிருக்கிறேன். இவர்கள் கையில்லாத பனியனும், துணி போதாமல் தைத்த மாதிரி ஒரு அரை டிராயருமாக நிற்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொடை. நான் குன்றைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் போய் வேலியோரம் நின்ற ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட மாட்டார்.

"ஆஸ்திரேலியா டீம். சம்பளத்துக்கு ஆடறவங்க. அவங்க ஊர்ல சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்து பிராக்டிஸ் பண்றாங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டப் போறாங்களாம்."

"என்ன ஆட்டம்ங்க?"

"ஃபுட்பால்."

"கையில இல்ல வச்சிருக்காங்க?"

அவர் வேலியோரத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பந்தும் உரிக்காத தேங்காய் மாதிரி நீளமாக இருந்தது. அதைக் காலால் உதைத்தார்கள், முஷ்டியால் குத்தினார்கள், தரையில் தட்டிக்கொண்டே ஓடினார்கள். பயிற்சி கொடுக்கிறவர் விசில் ஊதும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில் ஒன்றும் கிளம்பவில்லை.

பந்து வானத்துக்குப் போனதும் நாலு பேர் பாய்வார்கள். ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி, ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறி, பந்தைப் பிடிப்பான். ஏறினவனை யாரும் திட்டுவதில்லை. எல்லோரும், "மார்க்! நைஸ் மார்க்!" என்று கத்துவார்கள். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பதற்கே பேர் மார்க் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் தொடையை மறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

"எதுக்குங்க மார்க்கு?"

"பிடிச்சா மார்க். அதோ, கோச்சு போடறாரு பாரு."

"எழுதற மாதிரி தெரியலையே?"

"மனசுல வச்சுக்குவாரு."

நான் கடைசியாக மார்க் வாங்கியது ஐந்தாம் வகுப்புக் கணக்கில். முப்பத்திரண்டு. இவ்வளவு பெரிய ஆம்பிளைகளும் மார்க்குக்காக விழுந்து எழுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போதுதான் ஒரு பந்து தவறி எங்கள் பக்கம் கிளம்பியது. "ஏய், எழுந்திரு!" என்று அவர் சொல்லிவிட்டு, தான் மட்டும் எழுந்து ஓடினார். நான் உட்கார்ந்தபடியே முகத்தை மறைத்துக்கொள்ள முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். தொப்பென்று ஒரு கனம். கண்ணைத் திறந்தால், பந்து முந்தானைக்குள் தூளியில் குழந்தை மாதிரி கிடக்கிறது.

மைதானம் முழுக்க, "மார்க்!" என்று ஒரே கத்தல். நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஒருவன் ஓடிவந்தான். செம்பட்டை முடி, முழங்காலெல்லாம் சேறு. குனிந்து கையை நீட்டினான். நான் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"பந்தக் குடு" என்றார் அவர், பத்தடி தள்ளி நின்று.

"கேக்கணுமே?"

"அப்ப கேளு!"

துண்டுக் காகிதம் முந்தானைக்குள், பந்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மருமகள் எழுதிய கேள்வி ஒரு எழுத்துக்கூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "ஹவ் மச் மார்க்?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பத்து விரலையும் விரித்துக் காட்டி, "டென் அவுட் ஆஃப் டென், லவ்!" என்றான். நான் பந்தைக் கொடுத்துவிட்டேன்.

வீடு வரைக்கும் என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் நின்றார்.

"அவன் எதுக்கு லவ்வுங்கறான்?"

"எனக்கென்ன தெரியும்? பத்துக்குப் பத்துன்னான். அது தெரியும்."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, அந்த ஊர்ல கடைக்காரங்க கூட லேடீஸை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்." அவர் சமாதானம் ஆகவில்லை. "நானே இத்தனை வருஷத்துல சொன்னதில்ல" என்றார். அது உண்மைதான்.

மறுநாள் காலை வகுப்பில் டீச்சரம்மா என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். "ஐ ஆஸ்க், ஹவ் மச் மார்க். ஹீ சே, டென் அவுட் ஆஃப் டென்."

"ஃபார் வாட்?" என்றார் டீச்சரம்மா.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் இங்கிலீஷும் இல்லை. ஆகவே முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, தொப்பென்று ஒரு சத்தமும் கொடுத்துக் காட்டினேன். வகுப்பே கைதட்டியது. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ இங்கேயே இரு என்று சைகையில் சொன்னார்.

வெளியே வராந்தாவில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். கதவுக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"அந்தக் கடைசி வார்த்தையையும் சொன்னியா?"

"மார்க்கு மட்டும்தாங்க சொன்னேன். அந்த வார்த்தை எனக்கு மட்டும் சொன்னது."